குருவி விடாதவள்

செங்கரடு பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்தில் முதல் குருவி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணித் தேநீர் முடிந்து தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போன பிறகு, தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஞானதுரையின் வாயிலிருந்து. பதவி உயர்வு கேட்டு அவர் மாடிக்கு அனுப்பிய கோப்பு, அங்கே எல்லா மேசையையும் சுற்றிவிட்டு, ஓரத்தில் 'எதற்காக?' என்று ஒரே ஒரு சொல் எழுதப்பட்டு அவரிடமே திரும்பி வந்திருந்தது. படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், நெஞ்சு நிறைய இழுத்து ஒரு பெருமூச்சு விட்டார். மூச்சோடு குருவி வந்தது. சாம்பல் தலை, தவிட்டுச் சிறகு, தொண்டையில் கறுப்புத் திட்டு. செங்கரட்டில் வெகுகாலமாக யார் கண்ணிலும் படாத அதே சிட்டுக்குருவி. கோப்பின் மேல் நின்று ஒரு உதறு உதறிவிட்டு, பறந்துபோய் அலமாரி உச்சியில் உட்கார்ந்தது.

எதிர் மேசையில் தட்டச்சர் பவுன்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், குருவி."

"ஆமா, குருவிதான். நீ வேலையைப் பாரு."

அவ்வளவுதான். ஆச்சரியப்படுவதற்கென்று அந்தக் கட்டடத்தில் தனிப் பிரிவு கிடையாது. செத்துப்போனவருக்குப் பணிமாறுதல் வந்திருக்கிறது, பிறக்காத பிள்ளைக்கு மதிப்பெண் பட்டியல் போயிருக்கிறது. குருவி வந்தால் என்ன?

மதியத்துக்குள் கணக்குப் பிரிவில் நாலைந்து, சாயங்காலத்துக்குள் தபால் பிரிவில் ஒரு கூட்டம், மறுநாள் மாடிப்படி, வராந்தா, பதிவேட்டு அறை என்று எங்கே மனுஷன் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டானோ அங்கெல்லாம் குருவி. விடுப்பு மறுக்கப்பட்ட குருவி, மாறுதல் கிடைக்காத குருவி, தன்னைவிட இளையவன் மேலதிகாரியாக வந்த குருவி, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத குருவி. வாத்தியார்மாரும் மாணவர்களும் வந்து அங்கே நின்று மூச்சு விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. அது நிர்வாக ஊழியர்களுக்கு மட்டும் வாய்த்தது.

ஊர் திரண்டு வந்தது. பஸ் நிலையத்திலிருந்து பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டண ஜன்னலில் நின்றவர்கள் வேலை முடிந்தும் நகரவில்லை. "சார், ஒண்ணு விடுங்க சார், பாப்பா பாக்கணும்ங்குது" என்று கேட்டார்கள். "கேட்டா வராதும்மா. நாளைக்கு சம்பளப் பட்டியல் கையெழுத்தாகும், அப்ப வா" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். வாசல் பெட்டிக்கடையில் பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் தினையும் கம்பும் பொட்டலமாகத் தொங்கின. சிறகு அடிபட்டுவிடும் என்று மின்விசிறிகளை நிறுத்தினார்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றதும் எல்லோரும் வியர்த்து ஒழுகிப் பெருமூச்சு விட்டார்கள். இன்னும் குருவி வந்தது. மேசைக்கு மேலே குடையைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஒரு மாணவன் தன் பட்டச் சான்றிதழில் குருவிக் கால் தடம் பதிந்திருக்கிறது, இதுவே இருக்கட்டும், வேறு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அவ்வளவு கீச்சொலியிலும், அவ்வளவு எச்சத்திலும், எல்லோர் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை இருந்தது. இத்தனை வருஷம் விட்ட மூச்சை யார் கண்டார்கள்? இப்போது அதற்குச் சிறகு இருக்கிறது, குரல் இருக்கிறது, சுட்டிக்காட்டி "அது என்னுது" என்று சொல்லலாம்.

ஒரு குறைதான். குருவிகள் கூடு கட்டவில்லை. பானை கட்டினார்கள், செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு மாட்டினார்கள், வைக்கோல் கொண்டுவந்து ஜன்னலில் பரப்பினார்கள். ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்குக் கம்பியிலும் கடிகாரத்து விளிம்பிலும் ஒற்றைக்காலில், இப்போதே கிளம்பப்போகிறது போல உட்கார்ந்திருந்தன. விலங்கியல் பேராசிரியர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, காரணம் தெரியவில்லை என்றார்.

"நம்ம கட்டடத்துல பொறந்த குருவியாச்சே" என்றார் ஞானதுரை. "மேலேர்ந்து ஆர்டர் வந்தாத்தான் கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். பவுன்தாய் சிரிக்கவில்லை.

அந்தப் பிரிவில் அவள் வாயிலிருந்து மட்டும் ஒரு குருவியும் வரவில்லை.

பவுன்தாய் தற்காலிகம். மூத்த மகள் வயிற்றில் இருக்கும்போது சேர்ந்தாள். அந்த மகள் வளர்ந்து, இதே பல்கலைக்கழகத்தில் தேர்வெழுதி, அவள் மதிப்பெண் பட்டியலை அம்மாவே அடித்துக் கொடுத்தாயிற்று. அம்மா இன்னும் தற்காலிகம். ஆறு மாசத்துக்கு ஒருமுறை அவளை ஒரு நாள் வேலையிலிருந்து நிறுத்தி, மறுநாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று நாளைக்கு யாரும் கோர்ட்டில் போய் நிற்கக் கூடாது பாருங்கள். அந்த நாளுக்குப் பெயர் பிரேக். அந்த நாளிலும் அவள் வழக்கமான பஸ்ஸில் ஏறி வந்து, கட்டடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போவாள். வீட்டில் தெரியக் கூடாது. மறுநாள் திரும்பக் கூப்பிடாமல் போனவர்கள் உண்டு. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள் அப்படிப் போனவள்தான். தன் சாமானை எடுத்துப்போக வந்தபோது பவுன்தாயிடம் ஒன்று சொன்னாள்: "வாயைத் தொறக்காட்டி மட்டும் போதாதுடி. மூச்சையும் பாத்து விடு. இவ சலிச்சுக்கிறான்னு ஒருத்தன் சொன்னாப் போதும்."

பவுன்தாய் மூச்சைப் பார்த்துத்தான் விட்டாள். பெருமூச்சு நெஞ்சில் முட்டும்போதெல்லாம் எச்சிலோடு விழுங்கினாள். பெருமூச்சு விடுவதற்கும் ஒரு நிரந்தரம் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தில் ஒரு பழக்கம். வேலை நிரந்தரமான அன்று, அந்த ஆளின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி அடிப்பார்கள், பை மாட்ட. சட்டத்தில் இல்லை, சுற்றறிக்கையில் இல்லை, ஆனால் ஆணி இல்லாத சுவரும் ஆணி இல்லாத ஆளும் ஒன்றுதான். ஞானதுரையின் ஆணியில் பையும் குடையும் தொங்கும். பவுன்தாயின் பை அவள் மடியில் இருக்கும்.

குருவிகள் பெருகப் பெருகப் பதிவாளர் பலவேசத்துக்குத் தூக்கம் போனது. பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் போடும் தரக்குழு வரவிருந்தது. நூலகத்தில் எத்தனை புத்தகம், விடுதியில் எத்தனை கட்டில் என்று பார்ப்பதோடு, இந்தத் தடவை 'ஊழியர் மனநிறைவு' என்று தனியாக மதிப்பெண் வைத்திருந்தார்கள். வருகிற குழு உள்ளே காலெடுத்து வைத்ததும் தலைக்கு மேலே அத்தனை மனக்குறையும் கீச்சென்று கத்தினால்? அலுவலக நேரத்தில் பெருமூச்சு விடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார்.

சங்கச் செயலாளர் கோமதிநாயகம் சும்மா இருப்பாரா? அலுவலக நேரத்தில்தானே கூடாது? மதிய இடைவேளையில் வாசலுக்கு வாருங்கள் என்றார். வந்தார்கள், எல்லாப் பிரிவிலிருந்தும், கையில் சாப்பாட்டு டப்பாவோடு, பாதி மென்ற வாயோடு, ஓய்வுபெறப் போகிறவர் முதல் போன மாசம் வந்தவர் வரை, கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். கோமதிநாயகம் கையை உயர்த்தினார், எல்லோரும் இழுத்தார்கள், அவர் கையை இறக்கினார், எல்லோரும் விட்டார்கள். எழும்பியது பாருங்கள், செம்மண் சூறை போல ஒரு கூட்டம், வெயிலை மறைத்துக்கொண்டு, கொடியை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பதிவாளர் அறை ஜன்னலுக்கு நேரே வந்து சிறகடித்தது. சாலையில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கிக் கை தட்டினார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர்களும் உண்டு, அழுதவர்களும் உண்டு.

பவுன்தாய் தேர்வுப் பிரிவு ஜன்னலில் நின்று பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள்.

"பாரு, ராணி மாதிரி நிக்கிறதை" என்றார் திரும்பி வந்த கணக்குப் பிரிவுக்காரர். "ஊரே மூச்சு விடுது. இந்தம்மாவுக்கு மட்டும் ஒரு குறையும் இல்ல."

"திருப்தியான ஆத்மா" என்றார் இன்னொருவர். "போட்டோ எடுத்து மாட்டணும்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். பதிவாளர் அதையே செய்தார்.

முதலில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் போட்டார், குளிர்நீர் இயந்திரத்தைப் பழுது பார்த்தார், கால் உடைந்த நாற்காலிகளை மாற்றினார். அந்த வகைக் குருவிகள் உண்மையிலேயே குறைந்தன. மற்றவை குறையவில்லை. குழு வர நாள் நெருங்கியபோது பவுன்தாயைக் கூப்பிட்டார். அந்த அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. தேநீர்கூட வந்தது.

"உன் வாயிலேர்ந்து ஒண்ணுகூட வரலையாமே?"

"வரல சார்."

"அப்ப திருப்தியாத்தான் இருக்க."

பவுன்தாய் மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டாள்.

"குழு வந்து கேக்கும். இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். உன் ஆர்டரை அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப சார்?"

"அவங்க போனதும்."

"அவங்க போன மறுநாள் எனக்கு பிரேக் சார்."

பலவேசம் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். தேநீர் தம்ளரை மேசையில் வைத்தாள்.

"முதல்ல ஆர்டர் சார். அப்புறம் வார்த்தை."

தற்காலிகம் ஒன்று தன் எதிரே உட்கார்ந்து பேரம் பேசுகிறது, துணைவேந்தர் காலையிலிருந்து தொலைபேசியில் திட்டுகிறார், குழுத் தலைவருக்கு எந்த விருந்தினர் அறை என்பதே இன்னும் முடிவாகவில்லை. பதிவாளர் நாற்காலியில் சாய்ந்தார், தன்னை மறந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

கொழுத்த குருவி. அழைப்பு மணி மேல் வந்து உட்கார்ந்தது. மணி அடித்தது. பலவேசம் பாய்ந்து பிடித்து, மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடினார். உள்ளேயிருந்து கீச்கீச் என்று கேட்டது.

"நீ எதையும் பாக்கல."

"பாக்கல சார்."

கீச்சொலி நிற்கவில்லை.

"நீயே டைப் பண்ணிக் கொண்டா" என்றார் பலவேசம். "குழு முன்னாடி வச்சுக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். அவங்களும் பாக்கட்டும்."

எத்தனை பேருக்கு நிரந்தர ஆணை அடித்த கை அது. தன் பெயரை அடிக்கும்போது மட்டும் திரும்பத் திரும்பப் பிசகியது. ஞானதுரை பின்னால் வந்து நின்று, திரையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, தன் இடத்துக்குப் போனார். செய்தி அதற்குள் மாடிவரை போய்விட்டது. சாப்பாட்டு வேளையில் கோமதிநாயகம் வந்தார்.

"தாயி, கேள்விப்பட்டேன். திருப்தின்னு சொல்லப் போறியாமே?"

"ஆமாண்ணே."

"நீ சொல்லிட்டா, எங்க அத்தனை பேர் குருவியும் பொய்யாப் போயிடும். யோசிச்சியா? சொல்லாத. ஒரே ஒரு குருவி விடு, அவங்க கண்ணு முன்னால. ஒரு நாளும் விடாதவ விட்டான்னா அதுக்கு இருக்கிற மதிப்பே வேற. எங்க எல்லாருக்குமா விடு."

பவுன்தாய் டப்பாவை மூடினாள்.

"அண்ணே, உங்களுக்கு ஆணி இருக்கு."

கோமதிநாயகம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அந்த அறையில் வரிசையாக ஆணிகள், வரிசையாகப் பைகள். பவுன்தாய்க்குப் பின்னால் வெறும் சுண்ணாம்பு. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து தற்காலிகங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். பேச வாயைத் திறந்தார். ஒரு குருவி வந்தது, அது போய் அந்த வெறும் சுவரில் உட்கார இடம் தேடி, கிடைக்காமல் வழுக்கியது.

குழு வந்தது. தலைவர் மைசூர்க்கார அம்மாள், தமிழ் நன்றாகப் பேசுவார், முகத்தில் ஒன்றையும் காட்டாதவர். கூட்ட அறையின் ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் துணி திணித்து, உள்ளே ஒரு குருவிகூட இல்லாமல் விரட்டியிருந்தார்கள். ஆனால் கட்டடத்தின் மற்ற எல்லாக் குருவியும் வராந்தாவில் இருந்தது, மற்ற எல்லா ஊழியரும் வராந்தாவில் இருந்தார்கள். நிரந்தரங்கள் முன்னால், தற்காலிகங்கள் பின்னால், கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டவைத்து, ஒருவர் தோள் மேல் ஒருவர் எக்கி.

பதிவாளர் பேனாவைத் திறந்தார், ஆணையில் கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தார், எழுந்து நின்று நீட்டினார். புகைப்படம் எடுத்தார்கள். பவுன்தாய் வாங்கிக்கொண்டாள். உட்காரவில்லை. கையெழுத்தைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், மறுபடி தன் பெயரைப் பார்த்தாள், பெயரில் பிழை இல்லை. வராந்தாவில் ஒருத்தர்கூட அசையவில்லை. குருவிகள்கூட அடங்கியிருந்தன.

தலைவர் அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "சொல்லுங்கம்மா. இந்த வேலையில உங்களுக்கு மனநிறைவு இருக்கா?"

இருக்கு என்று சொல்லத்தான் பவுன்தாய் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் வார்த்தைக்கு முன்னால் மூச்சு நின்றுகொண்டிருந்தது, மகள் வயிற்றில் இருந்தபோது விழுங்கிய மூச்சு, வேப்பமரத்தடியில் டப்பாவைத் திறந்தபோது விழுங்கிய மூச்சு, பிரேக் முடிந்த மறுநாள் காலையில் கட்டடப் படியேறும்போது இன்றைக்கு உள்ளே விடுவார்களா என்று விழுங்கிய மூச்சு, அடுத்தவர் ஆணைகளை அடித்து அடித்து விழுங்கியது, ஜன்னலில் நின்று முந்தானையோடு விழுங்கியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை கலையாமல், இத்தனை காலம் காத்திருந்துவிட்டு இப்போது கதவு திறந்ததும் ஒரே மூச்சாகத் திரண்டு, அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, தோளை இறக்கி, நெஞ்சை இறக்கி, அவளையே ஒரு சாண் இறக்கிக்கொண்டு வெளியே வந்தது.

பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டார். கோமதிநாயகம் கதவுக்கு வெளியே கண்ணை மூடவில்லை.

நிம்மதியில் விடுவதும் பெருமூச்சுதான். அதை ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்க வழியில்லை, அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் அப்படி ஒன்றை விட்டதில்லை.

குருவி வந்தது. பெரிதில்லை, சிறிதில்லை, மற்றவை போலத்தான். ஆனால் அலகில் ஒரு துரும்பு இருந்தது.

மேசை மேல் நின்று தலையை இப்படித் திருப்பியது, அப்படித் திருப்பியது. இதற்கு முன் வந்த குருவிகள் எல்லாம் கிளம்புகிற கண்ணோடு பார்த்தன. இது வீடு பார்க்க வந்த கண்ணோடு பார்த்தது. எழும்பிப் போய், கடிகாரத்துக்குப் பின்னால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்த சந்தில் துரும்பைச் செருகி, பின்வாங்கிப் பார்த்து, திருப்திப்படாமல், உருவித் திரும்பச் செருகியது.

வராந்தாவில் யார் கதவைத் தள்ளினார்கள் என்று தெரியாது. கதவு திறந்தது. ஆள் கூட்டத்துக்கு முன்னால் குருவிக் கூட்டம் புகுந்தது, மேசை மேல் இறங்கியது, கோப்புக் கட்டிய நாடாவிலிருந்து நூலை உருவியது, வரவேற்பு மாலையிலிருந்து நாரை உருவியது, குழு உறுப்பினர் ஒருவரின் சால்வைக் குஞ்சத்தை மூன்று குருவிகள் சேர்ந்து இழுத்தன. ஆளுக்கொரு சந்து, ஆளுக்கொரு மூலை. ஜன்னலில் காய்ந்து கிடந்த வைக்கோலுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"இது மனநிறைவா, குறையா?" என்று கேட்டார் தலைவர் அம்மாள், தலையில் விழுந்த வைக்கோலைத் தட்டாமல்.

பதிவாளரைப் பார்த்துக் கேட்டார். பதில் கோமதிநாயகத்திடமிருந்து வந்தது.

"எங்களுக்கும் இது புதுசு மேடம். இந்தம்மா பதினெட்டு இருபது வருஷமா பிடிச்சு வச்சிருந்தது. இன்னும் நிறையப் பேர் பிடிச்சு வச்சிருக்காங்க." கதவை விட்டு விலகி நின்றார். பின்னால் நின்ற தற்காலிகங்களை முன்னே வரச் சொன்னார், முதல் தடவையாக. வந்தார்கள், தட்டச்சர்கள், தோட்டக்காரர்கள், விடுதிக் கணக்கர்கள், மடியிலும் தோளிலும் கையிலும் பை வைத்திருப்பவர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தலைவர் அம்மாள் அவர்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பலவேசத்தைப் பார்த்தார்.

"பேனாவை ஏன் மூடிட்டீங்க?" என்றார்.

மனநிறைவுக்குக் குழு என்ன மதிப்பெண் போட்டது என்று எனக்குத் தெரியாது. அங்கே யாரும் கேட்கவில்லை. ஆணைகளை அடிக்க ஆள் போதாமல் மாடியிலிருந்து கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு முதலில் என்று சண்டை. நடுவில் இழுப்பறையைத் திறந்துவிட்டுப் போங்கள் சார் என்று பவுன்தாய் பதிவாளருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

அவள் தன் இடத்துக்கு வந்தபோது, ஞானதுரை அவள் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, வாயில் ஒரு ஆணியைக் கவ்விக்கொண்டு, கையில் ஒரு பேப்பர்வெயிட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"உயரம் சொல்லு."

"இன்னும் கொஞ்சம் மேல சார்."

"எட்டுமா உனக்கு?"

"எட்டும்."

அடித்தார். சுண்ணாம்பு உதிர்ந்தது. பவுன்தாய் பையை மாட்டினாள், ஆணி தாங்குகிறதா என்று இழுத்துப் பார்த்தாள், தாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தாள். மடி காலியாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

தலைக்குப் பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பினாள். பழைய பை, காது நைந்து நூல் பிரிந்திருந்தது. ஒரு குருவி அந்த நூலைக் கவ்வி, சுவரில் காலை ஊன்றி, முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தது. வரவில்லை.

பவுன்தாய் எழுந்து, நூல் சுலபமாக வரட்டும் என்று பையைப் பிடித்துக்கொண்டாள்.